முதல் ஹாம் ரேடியோ வாங்குவதற்கு முன்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து சில கணக்குகள்

“சார், ஆன்லைன்ல ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாக்கிடாக்கி வருது. பத்து கிலோமீட்டர் எடுக்கும்னு போட்டிருக்கான். ஒண்ணு அப்பா போட்டுல, ஒண்ணு வீட்டுல. வாங்கலாமா?”

டச்சுக் கல்லறைக் கல்வெட்டுகளைப் பற்றிக் குறிப்பெடுக்க பழவேற்காட்டுக்குப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வியை மூன்று நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். என் பையில் எப்போதும் ஒரு கைரேடியோ இருக்கும், அதுதான் காரணம். கேட்டவர்கள் எல்லோரும் குப்பத்துப் பையன்கள். பாலிடெக்னிக், டிகிரி என்று படிக்கிறவர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: “அப்படி வாங்காதீங்க.” ஆனால் ஏன் என்று சொல்லாமல் விட்டால் அது பதிலே இல்லை. அதற்காகத்தான் இந்த நீளமான குறிப்பு. நான் தொழில்முறை ரேடியோ எஞ்சினியர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறவன், லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ஹாம் செய்கிறவன். அந்த அளவில் படியுங்கள்.

அலைவரிசையும் ஒரு பாடுதான்

ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் ரேடியோ என்றால் என்ன என்று விளக்க, பழவேற்காட்டில் நல்ல உதாரணம் தயாராகவே இருக்கிறது. ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. அதற்காக யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை இறக்கிவிட முடியாது. முறை தவறினால் பஞ்சாயத்து.

வானமும் அப்படித்தான் பங்கு போடப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஹாம்களுக்கு என்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பங்கு, 434 முதல் 438 வரை ஒன்று, சிற்றலையில் 7.0 முதல் 7.2 வரை, 14.0 முதல் 14.35 வரை என்று சில பங்குகள். கடல்படகுகளுக்கான வி.எச்.எஃப். தனி, அதில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கானது. போலீஸ், விமானம், ரயில் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு.

இங்கேதான் சிக்கல். மலிவாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற செட்டுகள் 136-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் பேச விடும். அடுத்தவர் பாட்டில் வலை போடுகிறோம் என்று செட் எச்சரிக்காது. விளையாட்டாக ஒருவர் அழுத்தும் பட்டன், முகத்துவாரத்தைத் தாண்டிப் போன படகு ஒன்று உதவி கேட்கும் சேனலை அடைத்துவிடலாம். அதனால்தான் லைசென்ஸ் கருவிக்கு முன்னால் வருகிறது.

படகில் ஒன்று, வீட்டில் ஒன்று: ஏன் கூடாது?

ஹாம் லைசென்ஸ் ஆளுக்குத் தரப்படுவது. குடும்பத்துக்கோ படகுக்கோ கிடையாது. படகில் அப்பா பேசினால் அப்பாவுக்கும் லைசென்ஸ் வேண்டும், கரையில் மகன் பேசினால் மகனுக்கும் வேண்டும். இருவருக்கும் இருந்தாலும், “இறால் விலை இன்னைக்கு என்ன, வியாபாரி வந்துட்டாரா?” என்று கேட்கக்கூடாது. கற்றுக்கொள்ள, சோதனை செய்ய, நட்பாகப் பேச என்று ஒதுக்கிய அலைவரிசை இது. வருமானத்துக்கான பேச்சுக்கு இடமில்லை. உலகம் முழுக்க இதே விதிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. உயிருக்கு ஆபத்து வந்தால் கையில் கிடைத்ததை வைத்துக் கூப்பிடலாம். சர்வதேச விதிகளே அதற்கு வழிவிடுகின்றன. ஆனால் கூப்பிட்டால் கேட்பதற்கு அந்த முனையில் யாராவது இருக்க வேண்டுமே? 145 மெகாஹெர்ட்ஸில் பின்னிரவு இரண்டு மணிக்குக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கும் கடமை கிடையாது.

படகுக்கு வேண்டியவை வேறு. முறையான அனுமதியோடு மரைன் வி.எச்.எஃப். செட். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி, அதாவது டாட்: பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகும், 2010-லிருந்து இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இவற்றை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். போன் எடுக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. வாக்கிடாக்கிக்கு வைத்திருக்கும் காசு கொஞ்சம்தான் என்றால், முதலில் அதில் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன்.

அப்படியானால் குப்பத்தில் ஹாம் எதற்கு?

கரையில் உதவும்.

2004 டிசம்பர் மாதம் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போயிருந்தது. அங்கிருந்து உலகம் முழுக்கப் பேசிப் பார்ப்பதுதான் திட்டம், ஒரு வகைப் பொழுதுபோக்குப் பயணம். வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியோடு போர்ட் பிளேரில் செட்டை நிறுவி ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது. தொலைபேசிகள் அடங்கிப்போனபோது அந்தச் சிற்றலை செட் மூலம்தான் தீவுகளிலிருந்து பல செய்திகள் வெளியே வந்தன. “இன்னார் உயிரோடு இருக்கிறார்” என்ற ஒற்றை வரிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வரி போய்ச் சேர்ந்தது. அதே அலைதான் அன்று காலை பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள்ளும் புகுந்தது.

2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம். இரண்டையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போகும். செல்போன் டவரில் பேட்டரி, டீசல் தீரும் வரைதான் சிக்னல். ரோட்டில் தண்ணீர் ஏறினால் தீவு மாதிரி ஆகிவிடும் ஊர்கள் அவை. அந்த நேரத்தில் ஊரில் லைசென்ஸ் உள்ள ஒருவர், ஒரு 12 வோல்ட் பேட்டரி, சரியாகக் கட்டிய ஒரு ஆன்டெனா, அதோடு வெளியூர் ஹாம்களின் பழக்கம், இந்த நான்கும் இருந்தால் ஊருக்கு ஒரு குரல் இருக்கிறது. கடைசியாகச் சொன்ன பழக்கம்தான் முக்கியம். அது புயல் வந்தபிறகு கடையில் கிடைக்காது. பல மாதம் தினமும் பேசித்தான் வரும்.

லைசென்ஸ்: நினைப்பதைவிட எளிது, நேரம்தான் ஆகும்

12 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் யாரும் எழுதலாம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துகிறது, சரல் சஞ்சார் போர்ட்டலில் விண்ணப்பம், சென்னையிலேயே தேர்வு எழுதலாம். இரண்டு படிகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் என்றால் அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிகளும் மட்டும், அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் என்றால் அதோடு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ், அழைப்புக்குறி வி.யு.2. கட்டணம் 20 வருடத்துக்கு 1000 ரூபாய், வாழ்நாளுக்கு 2000 ரூபாய். கட்டும்முன் போர்ட்டலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையனுக்கு இந்தப் பாடம் ஒரு வாரம். மற்றவர்களுக்கு இரண்டு மாதம். அதன்பிறகு தாள்கள் நகர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம், காது பழகட்டும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு சிற்றலை ரிசீவரை 2008-லிருந்து இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். போனிலேயே டயலைத் திருப்பி ஐரோப்பிய ஹாம்கள் பேசுவதைக் கேட்கலாம், பைசா செலவில்லை. டச்சுக்காரன் 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டை கட்டினான். இப்போது அவன் ஊர் ஆன்டெனாவில் நாம் உட்கார்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான் கணக்கு.

அடிவானக் கணக்கு

இப்போது “பத்து கிலோமீட்டர் எடுக்கும்” என்பதற்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை மறந்துவிடுங்கள். வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. கடலில் போகும் படகின் உடம்பு முதலில் மறைந்து, பாய்மரம் கடைசியில் மறைவதைக் குப்பத்துக் குழந்தைகூடப் பார்த்திருக்கும். ரேடியோவுக்கும் அதே கதைதான், கண்ணைவிடக் கொஞ்சம் தூரம் கூடுதல்.

சூத்திரம் எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம், கிலோமீட்டரில். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே போட்டுக் கூட்ட வேண்டும்.

கையில் பிடித்த செட், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம்: 5 கி.மீ. அப்படி இரண்டு பேர்: 10 கி.மீ. திறந்த கடலிலும் ஏரிப் பரப்பிலும் இது கிடைக்கும். வீடு, தோப்பு குறுக்கே வந்தால் பாதிகூடக் கிடைக்காது. ஒரு பக்கம் மட்டும் சவுக்குக் கம்பு கட்டி ஆன்டெனாவை 12 மீட்டருக்கு ஏற்றினால் அந்தப் பக்கத்து அடிவானம் 14 கி.மீ. ஆகிறது, மொத்தம் 19.

இன்னும் சுவாரசியமானது சென்னை. பழவேற்காட்டிலிருந்து ரோட்டில் போனால் சுற்று. நேர்கோட்டில் சென்ட்ரல் சுமார் 38 கி.மீ. தான். சென்னையில் உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ரிப்பீட்டர் என்பது பலவீனமான செட்டுகள் சொல்வதைக் கேட்டு உடனே பலமாகத் திருப்பிச் சொல்லும் நிலையம். பழவேற்காட்டில் கையில் செட்டைப் பிடித்து நின்றால் அதை எட்ட, அந்த ரிப்பீட்டர் ஆன்டெனா 64 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், ஏறக்குறைய இருபது மாடி. நம் ஆன்டெனா 12 மீட்டர் கம்பில் இருந்தால் 33 மீட்டர் போதும், பத்து மாடி. நாம் சேர்த்தது ஒரு கம்பு மட்டும். மலையே இல்லாத தட்டையான நிலம் என்பதால் இங்கே இந்தக் கணக்கு காகிதத்தில் உள்ளதற்குப் பக்கத்தில் வரும்.

வாட் கூட்டினால்? 5 வாட்டை 50 வாட் ஆக்கினால் பத்து மடங்கு. கேட்பவரின் மீட்டரில் இரண்டு படிகூட முழுசாக ஏறாது. அடிவானத்துக்குக் கீழே போனதை வாட்டால் பெரிதாக இழுத்துவர முடியாது. இதற்கு ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சாட்சி உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 கிளம்பியது. கார்ட்டோசாட்-1-உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளும் மேலே போனது, முழுக்க முழுக்க ஹாம்களுக்கானது. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள்: ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றது ஒரு நெதர்லாந்து மாணவர் செய்தது. 2014 வரை உழைத்தது. அதன் மூலம் சில வாட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பேசியவர்கள் ஏராளம். வாட் அதேதான், மேலே இருந்த காது மட்டும் உயரம்.

அதுபோல இன்றும் சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் கடக்கும்போது, அதன் ஹாம் செட் இயங்கிக்கொண்டிருந்தால், 145.800 மெகாஹெர்ட்ஸில் சாதாரணக் கைரேடியோவிலேயே காதில் விழும். பத்து நிமிடம்தான். முதல்முறை கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை செட்

ஒன்று, கைரேடியோ. இரண்டு பேண்ட், எஃப்.எம்., 5 வாட். விலை சில ஆயிரத்திலிருந்து தொடங்கும். யேசு, ஐகாம் போன்றவற்றில் கூடுதல். மலிவு செட்டும் பேசும். பெரிய வெளி ஆன்டெனாவை மாட்டினால் பக்கத்து பலமான அலைகளில் அதன் காது அடைத்துக்கொள்ளும் என்பதுதான் குறை. ஹாம்சாட் போன்றவை பயன்படுத்திய எஸ்.எஸ்.பி. முறை இந்த எஃப்.எம். செட்டுகளில் புரியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு, காரில் மாட்டும் மொபைல் செட். 25 முதல் 50 வாட், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஊருக்கு ஒரு நிலையம் என்று யோசித்தால் இதுதான் உழைக்கும்.

மூன்று, சிற்றலை செட். பல பத்தாயிரங்கள் ஆகும். ஆனால் போர்ட் பிளேர் இங்கிருந்து சுமார் 1,350 கி.மீ.; அதை எட்டுவது இதனால்தான் முடியும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியை ஐந்தாறு மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டினால், அலை மேலே போய் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலில் தமிழ்நாடு முழுக்கப் பொழியும். செங்குத்துக் கம்பி கட்டினால் இன்னொரு வரம்: உப்புத்தண்ணீர் அருமையான கடத்தி. ஏரி விளிம்பில் நட்ட ஆன்டெனா தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் வீசும். ஊரிலிருந்து கடற்கரை தேடி ஹாம்கள் வண்டி கட்டிக்கொண்டு போவது இதற்காக. குப்பத்தில் அது வாசலிலேயே இருக்கிறது.

என் பரிந்துரை: ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸோடு தொடங்குகிறவருக்கு ஓரளவு நல்ல கைரேடியோ, மிச்சக் காசு முழுக்க ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும். கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள் 15 மீட்டரில் பாதி சக்தியைத் தின்றுவிடும். 5 வாட் போட்டால் மேலே போவது இரண்டரை. எல்.எம்.ஆர்.-400 மாதிரித் தடித்த கேபிளில் நான்கு வாட்டுக்கு மேல் போகும். ஆன்டெனாவை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஐந்து கம்பிகள்: ஒன்று மேலே நிமிர்ந்து, நான்கு கீழே சரிந்து. கயிறு, முடிச்சு, கம்பு கட்டுகிற வித்தை குப்பத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அந்த விஷயத்தில் நகரத்து ஹாமைவிட நீங்கள் ரொம்ப முன்னால்.

உப்புக் காற்று

கடையில் யாரும் சொல்லாதது இது. கடற்கரையில் செட்டைக் கொல்வது உப்பு. கனெக்டருக்குள் உப்பு ஈரம் இறங்கினால் சில மாதங்களில் பச்சைப் பூக்கும். இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். செட்டை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இடி மேகம் தெரிந்தால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். தட்டையான கரையில் உங்கள் கம்புதான் உயரம்.

எங்கே வாங்குவது?

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், லைசென்ஸ் தேவை என்றோ எந்த அலைவரிசை என்றோ சொல்லாமல் வாக்கிடாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி வழிகாட்டு விதிகளும் கொண்டுவந்தது. எனவே “விற்கிறாங்க, அப்ப சட்டப்படிதான்” என்ற வாதம் நிற்காது. அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டும். லைசென்ஸே வேண்டாம் என்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் குறைந்த சக்தி செட்டுகள் உண்டு. திருவிழா, கல்யாண வேலைக்குச் சரி, அது ஹாம் இல்லை.

புதியவருக்கு நல்ல வழி, லைசென்ஸ் உள்ள இன்னொரு ஹாமிடமிருந்து பழைய செட் வாங்குவது. ஓட்டிக் காட்டச் சொல்லலாம், கூடவே ஒரு ஆசிரியரும் கிடைப்பார். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருப்பதால், ஏரிக்கரையில் ஆன்டெனாவோடு நிற்கும்போது லைசென்ஸ் நகல் கையில் இருக்கட்டும். மரைன் போலீஸ் கேட்டால் எடுத்துக் காட்டினால் முடிந்தது.

சுருக்கமாக, செலவு செய்யும் வரிசை

1. போனில் கேளுங்கள். காசு இல்லை.
2. தேர்வுக்கு விண்ணப்பியுங்கள்.
3. காத்திருக்கும் மாதங்களில் ஆன்டெனா கட்டுங்கள், கம்பு நடுங்கள்.
4. அழைப்புக்குறி வந்தபிறகு கைரேடியோ.
5. தினமும் ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். உங்கள் குரலை நாலு ஊர் அடையாளம் காணட்டும்.
6. ஒரு வருடம் கழித்தும் ஆர்வம் இருந்தால் பேட்டரி, மொபைல் செட். ஜெனரல் தேர்வு. பிறகு சிற்றலை.

செட் வாங்குவது இதில் நான்காவதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஐந்தாவது படிக்கு வந்துவிட்ட ஒருவர் ஒவ்வொரு குப்பத்திலும் இருந்தால், அடுத்த புயலில் டவர் அணைந்தபிறகும் ஊரின் நிலைமை வெளியே தெரியும்.